ஜன்னலிலிருந்து கட்டிய நூல்

லோத், இஸ்ரேல்
16 நவம்பர் 2024, சனிக்கிழமை

மன்சூர் மாமாவுக்கு மாசானம் எழுதுவது.

சுகம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன். என் நம்பரை ப்ளாக் பண்ணிவிட்டீர்கள் என்று பதினாறு தடவை அடித்த பிறகுதான் புரிந்தது. பத்தொன்பது வருஷம் ஒரே கலவைச் சட்டியில் கைவிட்டவனை ஒரு விரலால் அழுத்தி மூடிவிட்டீர்களே மாமா! அதனால் பேப்பரில் எழுதி, போட்டோ எடுத்து மாரீஸ்வரிக்கு அனுப்புகிறேன். அவள் கடையில் பிரிண்ட் போட்டுக்கொண்டு வருவாள். என் பெண்டாட்டி "அண்ணே" என்று வாசலில் வந்து நின்றால் வாங்கமாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது. அது எனக்குத் தெரியும்.

மாட்டுங்கா பிரபாவதியம்மா வீட்டு ஹாலை நடுவில் விட்டுவிட்டு வந்தது தப்பு. மூன்று வரிசை டைல்ஸ் கல் போட்டு, அடுத்த வரிசைக்கு மட்டம் பார்க்க நூலைக் கட்டிவைத்துவிட்டு, ஊரில் கல்யாணம் என்று பொய் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். உண்மையைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பீர்களா? தாராவியை இடித்துக் கட்டப்போகிறோம் என்று சர்வேக்காரன் வந்து, "கீழ்த்தளத்துக்காரனுக்குத்தான் இங்க வீடு, மாடிக்காரங்க தாராவிக்கு வெளியே எங்கயோ" என்று சொல்லிவிட்டுப் போன அன்றைக்கு மாரீஸ்வரி அடுப்பே பற்ற வைக்கவில்லை. வேறு வீடு பிடிக்கக் காசு வேண்டாமா? நீங்கள் கீழ்த்தளம். உங்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் தெரியாது.

இங்கே டைல்ஸ் வேலைக்கு என்று எங்களை எடுத்திருக்கிறார்கள். பீகார், யூபி ஆட்கள்தான் நிறைய. தமிழ் பேச நான் ஒருத்தன். ஆனால் ஒரு அதிசயம் கேளுங்கள். எங்கள் சூப்பர்வைசர் எலியாஸ் ரோஹேகர் மராட்டி பேசுகிறார்! அவருடைய அப்பா அம்மா பம்பாய் யூதர்கள், பைகுல்லாவிலிருந்து அறுபதுகளில் இங்கே வந்தவர்கள். முதல் நாள் என்னைப் பார்த்து, "காய் ரே, தாராவிக்காரனா?" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நாலாவது மாடியில் ஒரு அறை. அதை உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கடிதமே. இங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அறையைக் குண்டுக்குப் பயந்து கனத்த கான்கிரீட்டில் கட்டி, இரும்பு ஜன்னல் வைக்கிறார்கள். அந்த அறையில் பதினொரு கல் போட்டபடி இருக்கிறது. ஆணிக்கு ஆணி நூல் கட்டியபடி இருக்கிறது. சட்டியில் கலவை கல்லாக இறுகி, கரண்டி அதில் குத்தி நிற்கிறது. போன வருஷம் பண்டிகை லீவுக்குப் போன பாலஸ்தீன டைல்ஸ் மிஸ்த்ரி ஒருவர் விட்டுப்போனது. லீவு முடிகிற அன்றைக்கு, அக்டோபர் ஏழாம் தேதி, காஸாவிலிருந்து புகுந்து அத்தனை பேரைக் கொன்றார்கள். மறுநாளிலிருந்து பாலஸ்தீன ஆட்கள் யாருக்கும் வேலைக்கு வர அனுமதி இல்லை. அவர்கள் இடத்துக்குத்தான் நாங்கள்.

ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

மாசானம்


தாராவி
1 டிசம்பர் 2024

மாசானத்துக்கு,

திட்டச் சொல்லியிருக்கிறாய், திட்டுகிறேன். மாரீஸ்வரி வாசலில் நிற்கிறாள். பதில் இல்லாமல் போகமாட்டாளாம்.

நீ பொய் சொல்லிவிட்டுப் போனதைக்கூட நான் விட்டுவிடுவேன். பிரபாவதியம்மாவிடம் நான் வாங்கிய ஏச்சையும் விட்டுவிடுவேன். ஆனால் நீ கடைசியில் எழுதியிருக்கிறாயே, "அவர்கள் இடத்துக்குத்தான் நாங்கள்" என்று, அதை எப்படியடா கை கூசாமல் எழுதினாய்? ஒரு இனத்தையே நாற்பத்தெட்டில் ஊர் ஊராகக் கிளப்பி விட்டார்கள். ஏழு லட்சம் பேர் என்கிறார்கள். நீ இருக்கிற லோத்திலிருந்தே வெயிலில் நடத்திக் கூட்டிப் போனார்கள். அறுபத்தேழில் மிச்சத்தையும் பிடித்தார்கள். அவன் ஊரிலேயே அவன் சீட்டுக் காட்டி, விடியுமுன்னே வரிசையில் நின்று கூலி வேலைக்கு வந்தான். இப்போது அதுவும் போச்சு. அந்தக் கரண்டிக்காரன் எங்கே போனான், என்ன சாப்பிடுகிறான் என்று ஒரு வார்த்தை கேட்டாயா?

உன்னிடம் நான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லுகிறேன். தொண்ணூற்று மூணு ஜனவரியில் எனக்குப் பதினாலு வயசு. பம்பாய்க் கலவரத்தில் எங்கள் கோலியை, அந்த ஒற்றை அறை வீட்டை, பூட்டிவிட்டு, உம்மா எங்களை இழுத்துக்கொண்டு குர்லாவுக்கு ஓடினாள். ஆறு வாரம் கழித்து வந்தோம். கதவில் வேறு பூட்டு தொங்கியது. உள்ளேயிருந்து வந்தவன் கெட்டவன் இல்லை மாசானம். அவனும் எங்கிருந்தோ விரட்டப்பட்டு வந்தவன். "காலியாக் கெடந்துச்சு, வந்தேம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். எங்கள் உம்மா அதற்குமேல் அந்தத் தெருவில் நடந்ததே இல்லை.

அந்த அறையில் மட்டும் நீ கை வைக்காதே. வைத்தால், நீ திரும்பி வந்தாலும் நான் உன்னோடு ஒரு கல் போடமாட்டேன்.

மன்சூர் அலி


லோத்
14 டிசம்பர் 2024

மன்சூர் மாமாவுக்கு,

தொண்ணூற்று மூணு கதையைப் பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள் சொல்லியிருக்கலாமே மாமா. டீக் குடிக்கும்போது ஆயிரம் வெட்டிக் கதை பேசினோமே. படித்துவிட்டு நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. கூட இருக்கிற யூபிக்காரன், "கர் மே கோயி மர் கயா க்யா?" என்று, வீட்டில் யாரும் செத்துவிட்டார்களா என்று கேட்டான்.

ஆனால் நீங்கள் சொல்வது ஒரு பக்கம். நான் தினம் முகம் பார்க்கிற பக்கம் ஒன்று இருக்கிறது. ரோஹேகரின் தங்கை மகன் அந்த சனிக்கிழமை காலையில் செத்தான். இருபத்திரண்டு வயசு. சிநேகிதர்களோடு காரில் வந்துகொண்டிருந்தவனை ரோட்டிலேயே சுட்டார்கள். காருக்குள்ளிருந்து அம்மாவுக்கு போன் பண்ணியிருக்கிறான். அந்த போனை அவள் இன்னும் அணைக்கவே இல்லையாம், சார்ஜரிலேயே கிடக்கிறதாம். ரோஹேகர் பெண்டாட்டியின் குடும்பம் பாக்தாத்தில் கடை, வீடு எல்லாம் வைத்திருந்தவர்கள். ஐம்பத்தொன்றில் ஆளுக்கு ஒரு பெட்டியோடு துரத்திவிட்டார்கள். "எங்களை எங்கே திரும்பிப் போகச் சொல்கிறார்கள்? பைகுல்லாவுக்கா, பாக்தாத்துக்கா?" என்று என்னிடம் கேட்டார். நான் டைல்ஸ்காரன்.

இப்போது விஷயம். நாளைக்கு அந்த அறையை நான் போடவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மாட்டேன் என்றால் என்னை விமானத்தில் ஏற்றிவிட்டு வேறு ஆளை வைத்துப் போடுவார்கள். அந்த அறையின் வேலை எப்படியும் நின்றுவிடாது. நான் என்ன செய்ய?

இரண்டு போட்டோ அனுப்பியிருக்கிறேன். ஒன்று அந்த அறை, நூலோடு. இன்னொன்று சுவரில் பென்சிலால் எழுதியிருப்பது. அரபி மாதிரி இருக்கிறது, நம்பர் மாதிரியும் இருக்கிறது. நீங்கள் ஓதப் படித்தவர். வாசித்துச் சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள்.

மாசானம்


தாராவி
5 ஜனவரி 2025

மாசானம்,

மூன்று வாரம் ஆகிவிட்டது. வேண்டுமென்றுதான் முதல் ஒரு வாரம் பதில் போடவில்லை. கோபம். அப்புறம் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தம் தெரியாது. ஆனால் அதில் அர்த்தம் ஒன்றும் இல்லை. பேரும் போன் நம்பரும்தான். நாம் கட்டிங் மிஷின்காரன் நம்பரைச் சுவரில் எழுதுவோமே, அதே போல. பேர் நாயிஃப்.

என் அக்கா மகன் சைஃப் தமாமில் எட்டு வருஷம் டிரைவர் வேலை பார்த்தவன். அரபி பேசுவான். அவன் விக்ரோலியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. அவனைப் பிடித்து உட்காரவைத்து அந்த நம்பருக்குப் போட்டேன். நாயிஃபே எடுத்துவிட்டான் மாசானம்!

ரமல்லா பக்கத்தில் ஒரு அகதி முகாமில் இருக்கிறான். வேலை இல்லை. தம்பியோடு சேர்ந்து ஆடு மேய்க்கிறான். அக்காவைக் காஸாவில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். நாற்பது நாளாக அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை என்றான். நான் வேலையைப் பற்றிக் கேட்டேன். உடனே குரல் மாறிவிட்டது. "அந்த நூல் இன்னும் இருக்கா?" என்றான். அவன் வாப்பா பிறந்த ஊர் லோத்தை ஒட்டித்தான் இருந்ததாம். நாற்பத்தெட்டில் ஏழு வயசில் நடந்து வந்தவர். மகன் அதே இடத்துக்கு மூன்று மைலில் கூலிக்குக் கல் போட்டிருக்கிறான். அந்த அறையில் வாசலிலிருந்து நூல் கட்டாமல் ஜன்னலிலிருந்து கட்டினானாம். வெளிச்சம் அங்கேயிருந்துதான் விழும், கல் தூக்கினால் நிழல் காட்டிக்கொடுத்துவிடும் என்றான். நான் இந்த மாதிரி யோசித்ததே இல்லை. நல்ல வேலைக்காரன்.

நான் அவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். "அங்க இருக்கது என் மாப்ள. உம்ம நூல அவன் தொடமாட்டான்" என்று. சைஃப் அதை அரபியில் சொன்னதும் அவன் பத்துத் தடவை துஆ செய்து வாழ்த்தினான்.

நூல் இருக்கிறது என்று எழுது. அது போதும்.

மன்சூர்


லோத்
18 ஜனவரி 2025

மன்சூர் மாமாவுக்கு,

நூல் இருக்கிறது. போட்டோ அனுப்பியிருக்கிறேன், அவருக்கு அனுப்பிவிடுங்கள். எனக்கு வேறு மாடியில் வேலை கொடுத்துவிட்டார்கள்.

நாளையிலிருந்து சண்டை நிறுத்தம் என்று சொல்லுகிறார்கள். காஸாவில் பிடித்து வைத்திருக்கிறவர்களை விடுவார்களாம். ரோஹேகர் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார். குளிர் அதிகம். மாரீஸ்வரியிடம் சொல்லி வத்தல் குழம்புப் பொடி அனுப்பச் சொல்லுங்கள், கோரக்பூர்க்காரன் ஒருவன் லீவுக்கு வந்து பம்பாய் வழியாகத் திரும்புகிறான். வேறு விசேஷம் இல்லை.

மாசானம்


தாராவி
9 பிப்ரவரி 2025

மாப்ள மாசானம்,

பார், "மாப்ள" என்று எழுதிவிட்டேன். உன் போட்டோவை நாயிஃபுக்கு அனுப்பினேன். அவன் அதைப் பெரிதாக்கி வாப்பாவிடம் காட்டியிருக்கிறான். அந்தப் பெரியவருக்கு எண்பத்து மூணு வயசு, படுக்கையில் இருக்கிறார். அவருக்குக் கல்லும் தெரியவில்லை, நூலும் தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். அந்த ஜன்னலைத் திறந்தால், லோத்துக்குப் பக்கத்து ஊரான ரம்லாவின் வெள்ளைக் கோபுரம் தெரியுமா என்று. சின்ன வயசில் அதைப் பார்த்துத்தான் வீட்டுக்கு வழி கண்டுபிடிப்பாராம்.

ஜன்னலைத் திறந்து ஒரு போட்டோ எடு. கீழே நூலும் தெரியட்டும். திரும்ப அனுமதி கொடுத்தால் அதே அறைக்குத்தான் வருவேன், என் கல்லிலிருந்து தொடங்குவேன் என்கிறான் நாயிஃப். சைஃப் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. தொண்ணூற்று மூணில் எங்களுக்கு ஒருத்தனாவது, "உங்க கோலிய நான் பாத்துக்கிட்டேன்" என்று சொல்லியிருந்தால் உம்மா அந்தத் தெருவில் நடந்திருப்பாள்.

நீ நல்லவன்தான்லே. நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். ப்ளாக்கை எடுக்கலாமா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முதலில் போட்டோ வரட்டும்.

மன்சூர்


லோத்
21 ஜூன் 2025

மாமா,

நாலு மாசமாக மாரீஸ்வரியிடம் வேலை அதிகம், வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். உங்களுக்கு எழுதப் பயந்துதான் எழுதவில்லை. இன்றைக்கு எழுதாவிட்டால் எழுத ஆள் இருப்பேனா என்று தெரியவில்லை. ஈரானிலிருந்து ஏவுகணை வருகிறது. வேலையை நிறுத்திவிட்டார்கள். எங்கள் தகரக் கொட்டகையில் பதுங்க இடம் கிடையாது. அதனால் சைரன் அடித்தால் ரோஹேகர் எங்களை நாலாவது மாடிக்கு ஓட்டிக்கொண்டு போகிறார். எந்த அறைக்கு என்று நான் சொல்லவேண்டுமா?

அந்த அறையில் நூல் இல்லை மாமா. டிசம்பர் பதினைந்தாம் தேதி காலையிலேயே நான் அறுத்துவிட்டேன். உங்கள் பதில் வருமென்று எட்டு மணி வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் என் கரண்டியை எடுத்தேன். நாயிஃபின் நூலிலேயே தொடர்ந்து போட்டிருந்தாலாவது கொஞ்சம் மரியாதை. அதுவும் செய்யவில்லை. அளந்து பார்த்தேன், ஜன்னலிலிருந்து முழுக்கல்லாக வந்தால் வாசலில் அரைக்கல் விழுகிறது. எனக்குக் கை பொறுக்கவில்லை. வாசல்ல வெட்டுன கல்லு வெச்சா வீட்டுக்காரன் அங்க நிலைக்கமாட்டான் என்று கூலி வேலைக்கு நிற்கிற நாக்காவில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே. தப்பாகப் போட்டிருக்கிறான் என்று நினைத்து, பதினொரு கல்லையும் பெயர்த்துவிட்டு, வாசலிலிருந்து புது நூல் கட்டினேன். பெயர்க்கும்போதுதான் தெரிந்தது எவ்வளவு சுத்தமான வேலை என்று. நாலு கல் உடைந்தது. ஏழு கல் சாக்கிலும், கரண்டி குத்தி நிற்கிற அந்தச் சட்டி பக்கத்திலுமாக என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ஜனவரியில் நான் அனுப்பியது, அறுப்பதற்கு முன்னே வேறு பக்கமிருந்து எடுத்து வைத்திருந்த பழைய போட்டோ.

முந்தாநாள் காலையில் சைரன் அடித்து, இருபது பேர் அந்த அறைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். பெரிய சத்தம். கட்டடமே ஆடியது. யூபிக்காரர்கள் ராம் ராம் என்கிறார்கள். நான் சுடலைமாடனைக் கூப்பிட்டேன், உங்கள் பேரையும் கூப்பிட்டேன். ரோஹேகர் மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் கல் இடுக்கைத் தடவினார். "நாயிஃப் ஜன்னலிலிருந்துதான் போடுவான்" என்றார் மராட்டியில். அவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். ஒன்பது வருஷம் அவரிடம்தான் வேலை பார்த்தாராம் நாயிஃப். இவர் மகள் கல்யாணத்துக்கு ஒரு டின் ஆலிவ் எண்ணெயோடு வந்தவராம். "அந்த சனிக்கிழமைக்குப் பிறகு அவன் எனக்கு போன் பண்ணுவான் என்று காத்திருந்தேன். என் தங்கை பிள்ளை செத்ததற்கு ஒரு வார்த்தை கேட்பான் என்று. அவன் பண்ணவில்லை. அப்புறம் காஸாவில் குண்டு விழ விழ, நான் பண்ணவேண்டுமோ என்று நினைத்தேன். நானும் பண்ணவில்லை" என்றார். போனை எடுத்து அந்தப் பேரைக் காட்டினார். என்னிடம் நம்பர் கேட்கவே தேவையில்லை மாமா, அவரிடமே இருக்கிறது. "அடியுங்க சாகேப்" என்றேன். "என்ன சொல்லி ஆரம்பிப்பது?" என்று பையில் போட்டுக்கொண்டார்.

வெளியே வரச் சொன்ன பிறகு இரும்பு ஜன்னலைத் திறந்து பார்த்தேன். எதிரே கட்டடம்தான். இரண்டு கட்டடத்துக்கு நடுவில், தூரத்தில், அந்த வெள்ளைக் கோபுரம் ஒரு துண்டு தெரிகிறது. பெரியவரிடம் சொல்லுங்கள். இது பொய் இல்லை. நூலைப் பற்றி என்ன சொல்வீர்களோ, அது உங்கள் இஷ்டம்.

டிசம்பரில் வருகிறேன், உயிரோடு இருந்தால். என்னோடு கல் போடமாட்டேன் என்று எழுதினீர்கள். அது ஞாபகம் இருக்கிறது.

மாசானம்


தாராவி
6 ஜூலை 2025

மாசானம்,

உன் கடிதத்தை மாரீஸ்வரி கொண்டுவந்தபோது கோலிக்குள் கணுக்கால் தண்ணீர். மழை. கட்டில்மேல் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு அதைக் கிழித்தேன். மறுபடி அவளிடம் போய் இன்னொரு பிரிண்ட் கேட்டேன். "என்னண்ணே எழுதிருக்கு?" என்றாள். "ஒன் வீட்டுக்காரன் உசுரோட இருக்கான்" என்று மட்டும் சொன்னேன்.

சண்டை நின்றதும் சைஃபைக் கூட்டிவந்து நாயிஃபுக்கு அடித்தேன். பெரியவர் மார்ச்சிலேயே மௌத்தாகி, அடக்கமும் ஆகிவிட்டதாம். கடைசி வரை போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டேதான் கிடந்தாராம். கோபுரம் தெரிகிறது என்று நாயிஃபே ஒரு பொய் சொல்லியிருக்கிறான். பொய் இல்லை, நிஜமாகவே தெரிகிறது என்று சைஃப் சொன்னதும் அவன் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.

அப்புறம் நூலைப் பற்றிச் சொன்னேன். மறைக்க மனசு வரவில்லை. என்ன கத்துவானோ என்று நானும் சைஃபும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் கத்தவில்லை. "எனக்கு அப்பவே தெரியும். இன்னொருத்தன் கட்டின நூலில் எந்த மிஸ்த்ரியும் கல் வைக்கமாட்டான். நானும் வைத்ததில்லை. என் வாப்பாவுக்காகத்தான் உன்னை நம்பினேன்" என்றான். ஏழு கல்லை என்ன செய்ய என்று கேட்டேன். "கல் வீட்டுக்காரனது. கரண்டிதான் என்னது" என்று சொல்லி வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை.

அந்தக் கரண்டியைக் கலவையிலிருந்து உடைத்து எடுத்து, சுத்தம் பண்ணி, ரோஹேகர் கையில் கொடு. இது நாயிஃபோட சாமான், சேர்க்கவேண்டியது உங்கள் பொறுப்பு என்று சொல். சேர்க்கவேண்டும் என்றால் அவர் போன் பண்ணித்தானே ஆகவேண்டும். பண்ணுகிறாரா என்று பார்ப்போம்.

உன்னை இன்னும் நாலு ஏச்சு ஏசலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். நாயிஃப் சொன்னதைக் கேட்ட பிறகு உன்னை ஏச எனக்கு யோக்கியதை இல்லை. மாட்டுங்காவில் நீ கட்டிவிட்டுப் போன நூல் இருந்ததே மாசானம், அதை யார் எடுத்தது என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான்தான். நீ விமானம் ஏறின மறுநாள் காலையிலேயே. வடாலாவிலிருந்து கூட்டிவந்த புது ஆள், "நூல் சரியா இருக்கு பாய், இதுலயே போடலாம்" என்றான். நான் கேட்கவில்லை. பிளேடு எடுத்து அறுத்தேன். நீ போட்ட மூன்று வரிசையையும் பெயர்த்தேன். பிரபாவதியம்மா, "நல்லாத்தானே இருந்தது?" என்று கேட்டார்கள். அது கோணல் என்று சொன்னேன்.

கோணல் இல்லை. அதையும் உன்னிடம் சொல்லிவிட்டேன்.

ப்ளாக்கை எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்திருப்பேன், அடி. நான் எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் வைத்துவிடாதே. நீ முதலில் பேசு.

மன்சூர்